28 வோல்ட் லாரியில் 12 வோல்ட் பேட்டரி: எந்த வழியில் ஏற்றுவது?

சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் என் அத்தை மகன் சென்ற சித்திரையில் ஒரு சிக்கலோடு வந்தார். கேபினில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ், ஒரு மின்விசிறி, இரண்டு போன் சார்ஜர்கள். எல்லாம் 12 வோல்ட். வண்டியோ 24 வோல்ட். "எஞ்சின் பேட்டரியில் கை வைத்தால் விடியற்காலையில் செல்ஃப் எடுக்காது, மச்சான். அதனால் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வாங்கிவிட்டேன். வண்டி ஓடும்போதே அது ஏற வேண்டும். ஐந்து பேரிடம் கேட்டேன், ஐந்து வழி சொல்கிறார்கள்" என்றார்.

ஒருவர் வண்டிக்கும் புதிய பேட்டரிக்கும் நடுவே ஒரு பல்பைப் போடச் சொன்னார். இன்னொருவர் எஞ்சினின் இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவிலிருந்து வயர் எடுக்கச் சொன்னார். மூன்றாமவர் 24-12 கன்வர்ட்டர் என்றார், நான்காமவர் சோலார் கண்ட்ரோலர் என்றார். ஐந்தாமவர் இன்வெர்ட்டரைப் போட்டு அதில் வீட்டுச் சார்ஜரைச் சொருகிவிடுங்கள் என்றார். சரியான பொருளை எடுத்தால் ஐந்திலும் பேட்டரி ஏறத்தான் செய்யும். ஏற்றுவதில் கஷ்டம் எதுவும் இல்லை. நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: முழுதாக ஏறிய பிறகு யார் நிறுத்துவது? அவரிடம் பதில் இல்லை. வழி சொன்னவர்களில் பலரிடமும் இருந்திருக்காது.

24 வோல்ட் வண்டி என்பது பெயருக்குத்தான். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது டைனமோ 28 வோல்ட் அளவில் கொடுக்கும். (உள்ளே இருப்பது ஆல்டர்னேட்டர்தான், ஆனால் பட்டறையில் அதற்கு இன்னும் டைனமோ என்றே பெயர்.) பாதி வற்றிய 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் 12.2 வோல்ட் அளவில் இருக்கும். இரண்டையும் நேரே வயரால் கட்டினால் எஞ்சிய 15 வோல்ட்டுக்கு மேற்பட்ட வேறுபாடு முழுவதையும் வயரும் பேட்டரிகளின் உள்தடையும்தான் தாங்க வேண்டும். அந்தத் தடைகள் எல்லாம் சேர்ந்து 0.05 ஓம் என்று வைத்துக்கொண்டால் 300 ஆம்பியர் பாயும். டைனமோவால் அவ்வளவு தர முடியாது. ஆனால் எஞ்சினையே சுழற்றும் அந்த இரண்டு பேட்டரிகளால் தாராளமாக முடியும். ஃபியூஸ் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் வயர் எரியும்.

அடுத்து, தேவை எவ்வளவு என்ற கணக்கு. பலர் இதைத் தாண்டிக் குதித்து நேரே கடைக்குப் போய்விடுகிறார்கள். 20 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 13 அல்லது 14 ஆம்பியர்-மணி (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்பியர்-மணி). ஃபிரிட்ஜ் ஓடி ஓடி நிற்கும். சராசரி 3 ஆம்பியர் என்று கொண்டால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 36. போன்களுக்கு ஐந்து. மொத்தம் 55. ஈய-அமில பேட்டரி எடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே திருப்பிக் கேட்கும். நூற்றுக்குப் பதினைந்து சேர்த்தால் 63. வண்டி நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஓடுகிறது. அவர் வாங்கியிருந்தது 100 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரி. ஆக, சராசரியாக 7 ஆம்பியர் போதும் போலத் தோன்றும். ஆனால் கடைசி இருபது சதவீதம் ஆமை வேகத்தில்தான் ஏறும் என்பதால் தொடக்கத்தில் 15 முதல் 20 ஆம்பியர் தரக்கூடிய ஒன்று வேண்டும். மின்னழுத்தம் 14.4 வோல்ட் வரை ஏறி, மின்னோட்டம் தானாகக் குறைந்த பிறகு 13.6 அளவுக்கு இறங்கி நிற்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதிதான் நான் கேட்ட "நிறுத்துவது".

பல்பிலிருந்து தொடங்குகிறேன். இந்த முறையின் மீது எனக்கு மரியாதை உண்டு. அந்தக் கால பேட்டரிக் கடைகளில் பல்புகளை வரிசையாக மாட்டி, அவற்றின் வழியேதான் பேட்டரிகளை ஏற்றினார்கள். டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, எரியும்போது இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். சூடேறச் சூடேறத் தடை கூடும். அதனால் மின்னோட்டம் அளவு மீறாமல் பல்பு தானே பிடித்துக்கொள்ளும். தப்பித்தவறி ஷார்ட் ஆனாலும் பல்பு பிரகாசமாக எரியும், வேறு எதுவும் எரியாது. ஒரு ரூபாய் மின்னணுவியல்கூட இல்லாமல் இவ்வளவு வேலை செய்யும் பொருள் வேறு இல்லை.

லாரி ஹெட்லைட்டின் 24 வோல்ட், 75 வாட் இழையை எடுத்துக்கொள்ளுங்கள். முழு 24 வோல்ட்டில் அது 3.1 ஆம்பியர் இழுக்கும். நம் வேறுபாடு 15.5 வோல்ட் என்பதால் 2.4 ஆம்பியர் அளவில் ஓடும். பத்து மணி நேரத்தில் 24 ஆம்பியர்-மணி. நமக்கு வேண்டியது 63. இரண்டு மூன்று பல்புகளை இணையாகப் போட்டால் போகிறது என்பீர்கள். அங்கேதான் இடிக்கிறது. பேட்டரி முழுதாக ஏறி 14.4 வோல்ட்டைத் தொட்டாலும் பல்பின் மீது இன்னும் 13.6 வோல்ட் இருக்கும். மின்னோட்டம் 2.4-இலிருந்து 2.2-க்குத்தான் இறங்கும். பேட்டரி நிறைந்துவிட்டது என்ற செய்தியே பல்புக்குப் போய்ச் சேராது.

ஏறிய பேட்டரிக்குள் தொடர்ந்து தள்ளப்படும் மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கிறது. ஒரு ஆம்பியர்-மணிக்கு, ஒரு செல்லில் (12 வோல்ட் பேட்டரிக்குள் இப்படி ஆறு அறைகள்), மூன்றில் ஒரு கிராம் தண்ணீர். ஒரு நாளின் பத்து மணி நேர ஓட்டம் முழுக்க 2.4 ஆம்பியர் வீணாக ஓடினால் ஆறு செல்களிலும் சேர்த்து 48 மில்லி லிட்டர். தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் ஊற்றிக்கொள்ளலாம். சீல்டு பேட்டரியில் எங்கே ஊற்றுவது? அதில் ஒரு பகுதி வாயு உள்ளேயே மீண்டும் தண்ணீராகும் என்பது உண்மைதான், ஆனால் நாள் கணக்கில் திணித்தால் வால்வு திறந்துகொள்ளும், உள்ளே காயும். தண்ணீர் ஊற்றும் வகையானால் அதே 48 மில்லி லிட்டரிலிருந்து ஏறத்தாழ 60 லிட்டர் ஹைட்ரஜன் வெளியே வரும். காற்றில் நான்கு சதவீதம் இருந்தாலே அது தீப்பிடிக்கும். டிரைவர் படுக்கும் பெர்த்துக்கு அடியில் 100 லிட்டர் பெட்டியை மூடி வைத்து, அதற்குள் பேட்டரியை வைத்திருக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்கு நான்கு லிட்டர் போதும்.

பழைய கடைகளில் இது ஏன் சரியாக வந்தது என்றால், அங்கே ஹைட்ரோமீட்டரும் (அமிலத்தின் அடர்த்தியை அளந்து பேட்டரி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் கருவி) கையுமாக ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். நிறுத்தும் வேலையை அவர் பார்த்தார். ஓடுகிற லாரியில் அந்த ஆள் இல்லை. பல்புக்குப் பதிலாக 1.5 ஓம் மின்தடையைப் போடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பல்பின் குறைகள் எல்லாம் அதில் உண்டு, நிறைகள் கிடையாது, போதாக்குறைக்கு 150 வாட் வெப்பமும் தரும்.

நடுவிலிருந்து வயர் எடுப்பதுதான் நம் ஊரில் அதிகம். பாட்டுப்பெட்டிக்காக இதைச் செய்யாத லாரி குறைவு. கீழ் பேட்டரியின் மைனஸ் வண்டியின் எர்த்தில், அதாவது உலோக உடம்பில் இருக்கிறது, அதன் பிளஸ் முனையில் 12 வோல்ட் இருக்கிறது, எடுத்துக்கொண்டால் என்ன? செலவு ஒரு துண்டு வயர். எஞ்சின் ஓடும்போது அந்த முனையில் 14 வோல்ட் இருக்கும் என்பதால் மூன்றாவது பேட்டரியையும் அழகாக ஏற்றும்.

கெடுவது இப்படி. டைனமோவுக்குத் தெரிவது 28 என்ற மொத்தம் மட்டுமே. இரண்டு பேட்டரிகளும் ஆளுக்கு 14 என்று பிரித்துக்கொள்வார்கள் என்பது நம் நம்பிக்கை. கீழ் பேட்டரியிலிருந்து நாம் தினமும் எடுக்கிறோம். அது எப்போதும் பசியோடு இருக்கும். தொடரில் இருப்பதால் இரண்டுக்குள்ளும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். மேல் பேட்டரி முதலில் நிறையும், நிறைந்தும் தொடர்ந்து வாங்கும். கொஞ்ச நாளில் மேலே 15, கீழே 13 என்று பிரிந்து நிற்கும். மேலே இருப்பது கொதித்துக் காய்கிறது. கீழே இருப்பது என்றைக்கும் முழுதாக ஏறாமல் அதன் தகடுகளில் சல்பேட் படிகிறது. ஒரே நாளில் வாங்கிய இரண்டு பேட்டரிகள் இரண்டு வெவ்வேறு நோயில் சாகின்றன.

ஒன்றிரண்டு ஆம்பியர் பாட்டுப்பெட்டிக்கு இது தெரிய எட்டு பத்து மாதம் ஆகும். அதற்குள் வயர் எடுத்த கை யாருக்கும் நினைவில் இருக்காது. பேட்டரிக் கம்பெனியைத் திட்டிவிட்டு அடுத்த ஜோடியை வாங்குவார்கள். இந்த முறைக்கு இத்தனை பேர் சாட்சி சொல்வதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம். நாளுக்கு 55 ஆம்பியர்-மணி எடுத்தால் எட்டு மாதம் தாங்காது. இன்னொன்று: எர்த்தில் இல்லாத மேல் பேட்டரியிலிருந்து வயர் எடுத்தவர்களும் உண்டு. அதன் மைனஸ், வண்டியின் உடம்பைவிட 12 வோல்ட் மேலே நிற்கிறது. அதில் இணைத்த கருவியின் உலோக உடல் எங்காவது சேஸிஸைத் தொட்டால் நேர் ஷார்ட்.

இந்த முறையைக் காப்பாற்ற ஒரு கருவி இருக்கிறது: பேட்டரி ஈக்வலைசர். மூன்று வயர், மேல் பிளஸ், நடு, எர்த். மேலே இருப்பதிலிருந்து எடுத்துக் கீழே இருப்பதற்குத் தள்ளி இரண்டையும் சமன் செய்துகொண்டே இருக்கும். 5 அல்லது 10 ஆம்பியர் தள்ளக்கூடியதாக வாங்கினால், விசிறியும் பாட்டும் மட்டும் இருக்கிற வண்டிக்கு மூன்றாவது பேட்டரியே வேண்டாம், நடுவிலிருந்து எடுத்தால் போதும். குறைந்த செலவில் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஆனால் அத்தை மகனுக்கு இது சரிவராது. ஃபிரிட்ஜ் இரவெல்லாம் ஓடினால் சமமாகவே இரண்டு எஞ்சின் பேட்டரிகளும் வற்றும். காலையில் செல்ஃப் எடுக்காது என்ற பயம் அப்படியே இருக்கும்.

கன்வர்ட்டருக்கு வருவோம். ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருட்கள் விற்கின்றன. குழப்பமெல்லாம் அங்கே.

முதலாவது, கார் பாட்டுப்பெட்டியை லாரியில் ஓட்டுவதற்கான 24-12 கன்வர்ட்டர். இது சரியாக 12 வோல்ட் தரும் வகையானால் பேட்டரி ஏறாது. முழுதாக ஏறி ஓய்ந்த பேட்டரியே 12.7 வோல்ட்டில் இருக்கிறது. 12-ஐ வைத்து அதற்குள் எதைத் தள்ளுவது? 13.8 தரும் வகையானால் ஏறும், மெதுவாக, ஆனால் எந்நாளும் கொதிக்கவிடாமல். நிறுத்துவது யார் என்ற கேள்விக்கு இது ஓரளவு நேர்மையாகப் பதில் சொல்கிறது: 13.8-க்கு மேல் தள்ளவே மாட்டேன் என்கிறது. இதன் சிக்கல் தொடக்கத்தில். வற்றிய பேட்டரியைக் காட்டினால் அது தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் இழுக்கப்படும். சில கன்வர்ட்டர்கள் அதை ஷார்ட் என்று எண்ணி அணைந்து, மீண்டும் எழுந்து, மீண்டும் அணைந்து, மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். பேட்டரி ஏறவே ஏறாது. வாங்குமுன் கேட்க வேண்டியது: அளவு மீறினால் அணையுமா, அல்லது மின்னோட்டத்தை ஓர் அளவில் பிடித்துக்கொண்டு மின்னழுத்தத்தை இறக்கிக்கொள்ளுமா? இரண்டாவது வகைதான் பேட்டரிக்கு.

இரண்டாவது, இணையத்தில் நூறு இருநூறு ரூபாய்க்கு வரும் பச்சைப் பலகைகள். எல்எம் 2596, எக்ஸ்எல் 4015 என்று சில்லின் பெயரிலேயே விற்பார்கள். முதலாவது 3 ஆம்பியர், இரண்டாவது 5 ஆம்பியர் சில்லு. அதுவும் சில்லு தாங்கும் உச்ச அளவு, பலகை தாங்குவது அல்ல. மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டையும் திருகித் திருகி அமைத்துக்கொள்ள இரண்டு திருகுகள் இருக்கும் வகை நல்லது. பேட்டரி இல்லாமல் முதலில் மின்னழுத்தத்தை அமைத்து, பிறகு வெளிமுனைகளுக்கு இடையே அம்மீட்டரை வைத்து மின்னோட்டத்தை அமைப்பார்கள். வீட்டு மேசையில் 7 ஆம்பியர்-மணி பேட்டரியை ஏற்ற நானே இதைத்தான் பயன்படுத்துகிறேன். மூன்று வருடமாகச் சாகவில்லை.

ஆனால் வீட்டு மேசை வேறு, லாரி வேறு. எக்ஸ்எல் 4015 தாங்கும் உச்சம் 36 வோல்ட், எல்எம் 2596 தாங்குவது 40. ஓடுகிற லாரியில் பேட்டரி டெர்மினல் தளர்ந்து ஒரு கணம் விட்டுப்போனால், அதுவரை பேட்டரிக்குப் போய்க்கொண்டிருந்த மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இல்லாமல் டைனமோவின் மின்னழுத்தம் எகிறும். தடுப்பு இல்லாத 24 வோல்ட் வண்டிகளில் இது 150 வோல்ட்டையும் தாண்டலாம் என்று ஐ.எஸ்.ஓ. 16750-2 தரநிலை கணக்கில் கொள்கிறது. கால் நொடிதான். சில்லுக்கு அது போதும்.

இந்த வகைக் கன்வர்ட்டரின் உள்ளே, 28 வோல்ட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு டிரான்சிஸ்டர் சுவிட்ச் இருக்கிறது. நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல் திறந்து மூடி 28-ஐ 14 ஆக்குவது அதுதான். இந்தச் சுவிட்சுகள் சாகும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே சாகும். அப்போது பேட்டரியின் மீது விழுவது 28 வோல்ட், நேராக. நிறுத்த வேண்டியவரே கதவைத் திறந்து வைத்துவிட்டுச் செத்துப்போகிறார். பல்புக்கு இந்தக் குணம் இல்லை. இழை அறுந்தால் மின்சாரம் நிற்கும், அவ்வளவுதான். பழைய முறை எல்லாம் ஆபத்து, புதியது எல்லாம் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பலகையைத்தான் போடுவேன் என்றால் வெளிமுனையில் ஃபியூஸ், 15 வோல்ட்டைத் தாண்டினால் துண்டிக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இரண்டும் வேண்டும். உள்வழி மின்சாரம் நின்றபோது பேட்டரி பின்வழியாகக் கசிந்து வற்றாமலிருக்க, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடும் வேண்டும். டயோடு அரை வோல்ட் வரை தின்னும். அதைக் கணக்கில் சேர்த்து மின்னழுத்தத்தை அமைக்க வேண்டும். இவ்வளவும் சேர்த்த பிறகு நூறு ரூபாய்ப் பலகை நூறு ரூபாயாக இருக்காது.

மூன்றாவது வகையைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

சோலார் கண்ட்ரோலர் யோசனை கெட்டிக்காரத்தனமானது. பாதிதான் சரி. சோலார் கண்ட்ரோலரில் இரண்டு இனம் உண்டு; பெட்டியைப் பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். பி.டபிள்யூ.எம். வகை, பேனலை அப்படியே பேட்டரியோடு இணைப்பதும் விடுவதுமாக இருக்கும் ஒரு சுவிட்ச். பேனலோடு அது பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம் பேனல்தான்: ஷார்ட் செய்தாலும் பேனல் எட்டு, ஒன்பது ஆம்பியருக்கு மேல் தராது. பேனல் இருந்த இடத்தில் லாரி பேட்டரியை வைத்தால், முதலில் பார்த்த அந்த 300 ஆம்பியர் கதைதான். சுவிட்ச் மூடிய முதல் கணத்திலேயே கண்ட்ரோலர் புகையும். "சோலார் கண்ட்ரோலர் போட்டேன், வேலை செய்கிறது" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் மலிவான வகையை வாங்கி மாட்டுவது இப்படித்தான் முடியும்.

எம்.பி.பி.டி. வகை, உள்ளே ஒரு முழு கன்வர்ட்டரை வைத்திருக்கிறது. தன் மின்னோட்ட அளவைத் தானே பிடித்துக்கொள்ளும், பேட்டரிக்கு ஏற்ப 14.4, 13.6 என்று படிப்படியாக இறங்கவும் தெரியும். லாரியின் 28 வோல்ட்டை ஒரு வெயில் நாள் என்று அது நம்பிக்கொள்ளும். பலர் இப்படி ஓட்டுகிறார்கள், ஓடவும் செய்கிறது. தயாரித்தவர் நினைத்த வேலை இது இல்லை என்பதால் பழுதானால் உத்தரவாதம் கேட்க முடியாது, அது ஒன்று. வண்டி நின்ற பிறகும் எஞ்சின் பேட்டரியில் 25 வோல்ட் இருக்கும். கண்ட்ரோலருக்கு அதுவும் வெயில்தான், அதன் உலகில் இரவே வராது. எஞ்சின் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆக, எஞ்சின் ஓடும்போது மட்டும் இணைக்கும் ரிலே கட்டாயம். மலிவான கண்ட்ரோலர்கள் சில பிளஸைப் பொதுவாக வைத்து மைனஸைத் திறந்து மூடுகின்றன. உடம்பெல்லாம் மைனஸாக இருக்கும் வண்டியில் அவற்றைப் போட்டால் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் பாயும்.

வீட்டு மாடியில் உண்மையான பேனலே இருந்தால் கணக்கு வேறு, எளிது. 72 செல் உள்ள 330 வாட் பேனல் 37 வோல்ட் அளவில் ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகத் தரும். அதை பி.டபிள்யூ.எம். வழியாக 12 வோல்ட் பேட்டரியில் சேர்த்தால் அதே ஒன்பது ஆம்பியர்தான் போகும், 115 வாட் அளவுக்கு. மீதியெல்லாம் போன இடம் தெரியாது. எம்.பி.பி.டி. என்றால் 22, 23 ஆம்பியர் கிடைக்கும். ஆபத்து இரண்டிலும் இல்லை, வீண் மட்டும்தான் உண்டு.

இன்வெர்ட்டரைப் போட்டு அதில் சார்ஜரைச் சொருகுவதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. 24-ஐ 230 ஆக்கி, மீண்டும் 14 ஆக்கும் சுற்றுவழி. போகும்போது பதினைந்து சதவீதம், வரும்போது பதினைந்து சதவீதம் வீண். நான் சிரிக்க மாட்டேன். டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது நூறு வாட் வீணாவது ஒரு பொருட்டா? இன்வெர்ட்டர் ஏற்கெனவே வண்டியில் இருந்தால், நல்ல தானியங்கிச் சார்ஜர் ஒன்றை வாங்கினால் வேலை முடிந்தது. எது பழுதானாலும் 28 வோல்ட் பேட்டரியைத் தொட வழியே இல்லை. இரண்டுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. குறை, ஓடுகிற, அதிர்கிற, தூசி படிகிற கேபினுக்குள் 230 வோல்ட்டைக் கொண்டுவருகிறோம் என்பது. குழந்தைகள் ஏறும் வண்டி என்றால் எனக்கு மனம் ஒப்பாது.

இப்போது மூன்றாவது கன்வர்ட்டர். பெயர் டி.சி.-டி.சி. சார்ஜர். பேட்டரியை ஏற்றுவதற்கென்றே செய்தது. மின்னோட்டத்தைப் பிடிப்பது, 14.4-இல் நிற்பது, 13.6-க்கு இறங்குவது, எஞ்சின் ஓடுகிறதா என்று உள்வழி மின்னழுத்தத்தைப் பார்த்துத் தானே தெரிந்துகொள்வது எல்லாம் உள்ளேயே இருக்கும். விக்ட்ரான் நிறுவனத்தின் ஓரியன்-டி.ஆர். ஸ்மார்ட் வரிசையில் 24-12, 20 ஆம்பியர் என்றும் 30 ஆம்பியர் என்றும் கிடைக்கிறது. அதே வேலையைச் செய்யும் வேறு நிறுவனங்களும் உண்டு. வாங்கும்போது நான் பார்க்கச் சொல்வது, உள்வழியும் வெளிவழியும் டிரான்ஸ்ஃபார்மரால் பிரிக்கப்பட்டதா என்பதை. பிரிக்கப்பட்டிருந்தால் உள்ளே சுவிட்ச் செத்தாலும் 28 வோல்ட் தாண்டி வராது. சார்ஜர் வெறுமனே நின்றுபோகும். பிரிக்கப்படாதது விலை குறைவு, எடையும் குறைவு, ஆனால் பச்சைப் பலகைக்குச் சொன்ன அதே சாவு இதற்கும் உண்டு.

குறை விலைதான். பேட்டரியின் விலையை எட்டும், சிலவற்றில் தாண்டும். "சார்ஜருக்கு இவ்வளவா?" என்று அத்தை மகன் முகம் சுளித்தார். நடுவிலிருந்து எடுத்து ஒரு ஜோடி எஞ்சின் பேட்டரியை முன்கூட்டியே மாற்றினால் ஆகும் செலவை அவரையே கூட்டச் சொன்னேன். கூட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார்.

20 ஆம்பியர் பிரிக்கப்பட்ட சார்ஜர் என்று முடிவானது. மாட்டும்போது பட்டறையில் எங்களுக்குள் நடந்த வாக்குவாதம் எல்லாம் இடத்தைப் பற்றி. எலக்ட்ரீஷியன், சார்ஜரை எஞ்சின் பேட்டரிக்கு அருகே வைத்து 12 வோல்ட்டை ஐந்து மீட்டர் தள்ளிக் கொண்டுபோகலாம் என்றார். போக வர பத்து மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 20 ஆம்பியர் போனால் 1.4 வோல்ட் வழியிலேயே தொலையும், சார்ஜர் 14.4 என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 13. சார்ஜரை 12 வோல்ட் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த ஐந்து மீட்டரில் போவது 28 வோல்ட், 11 அல்லது 12 ஆம்பியர்தான். அங்கே முக்கால் வோல்ட் தொலைந்தாலும் சார்ஜருக்குக் கவலையில்லை. அதை விளக்கியதும் அவர் ஒப்புக்கொண்டார், நல்ல மனிதர்.

ஃபியூஸ் இரண்டு: எஞ்சின் பேட்டரியின் முனையை ஒட்டி ஒன்று, புதிய பேட்டரியின் முனையை ஒட்டி ஒன்று. சார்ஜருக்கு இரு புறமும் பேட்டரி இருப்பதால் இரு புறமிருந்தும் தீ வரலாம். வீட்டு மின்பலகையின் எம்.சி.பி.யை இதற்குப் போடக் கூடாது. அது மாறுமின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதை நம்பித் தீப்பொறியை அணைக்கிறது. நேர்மின்சாரம் சுழியைத் தொடுவதே இல்லை.

பேட்டரியின் சூடு இன்னொன்று. 25 டிகிரிக்கு எழுதப்பட்ட 14.4, சித்திரை வெயிலில் 45 டிகிரியில் நிற்கும் பேட்டரிக்கு அதிகம். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 20 மில்லி வோல்ட் குறைக்க வேண்டும். இருபது டிகிரிக்கு 0.4. எங்கள் சார்ஜரில் 14.0 என்று அமைத்தோம், மார்கழியில் மாற்றிக்கொள்ளலாம் என்று. பெட்டியை பெர்த்துக்கு அடியில் வைக்காமல் கேபினுக்குப் பின்னால், வெளியே, மேலும் கீழும் காற்றோட்டத் துளைகளோடு வைத்தோம்.

அடுத்த முறை லித்தியம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் இதே சார்ஜரில் அமைப்பை மாற்றினால் போதும், செல்லுக்கு 3.65 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, நான்கு செல்லுக்கு 14.6. அதற்குள் இருக்கும் பி.எம்.எஸ். (அளவு மீறினால் துண்டிக்கும் காவல் பலகை) பார்த்துக்கொள்ளும் என்று பல்பையோ பலகையையோ நம்பி ஏற்றுவது மட்டும் வேண்டாம். அது கடைசிக் கதவு. தினமும் அதில் முட்டிக்கொண்டிருந்தால் ஒரு நாள் திறந்துகொள்ளும்.

ஆடி மாதம் வண்டி ஊருக்கு வந்தபோது மீட்டரை வைத்துப் பார்த்தேன். இரவு முழுக்க ஃபிரிட்ஜும் விசிறியும் ஓடிய பிறகு காலையில் 12.2. எஞ்சின் பேட்டரிகள் இரண்டும் தனித்தனியே 12.7, ஒரு பொட்டு வித்தியாசம் இல்லை. முதலில் அவர் வாங்கி வைத்திருந்த அந்த 75 வாட் பல்பு இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. ஹெட்லைட்டுக்கு ஸ்பேர் என்கிறார்.